மூன்று சக்கர மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்க வீட்டிலேயே ஓர் உருளும் பணிமேடை

பெங்களூரு அல்சூரிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். 350 சி.சி. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, டிஃபரன்ஷியலுடன் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) கூடிய இரட்டைச் சக்கர ஆக்சில் பொருத்திய வண்டி அவருடையது. போலியோவால் கால்கள் பலவீனப்பட்டதால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆயில் மாற்றுவது, செயினை இறுக்குவது, பிரேக் லைனிங் பார்ப்பது ஆகியவற்றைத் தாமே செய்ய விரும்புகிறார். வீட்டுக்காரரின் காரும் அதே போர்டிகோவில் நிற்பதால், பாதி பிரித்த நிலையிலும் வண்டியை ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. வண்டியின் எடை 290 கிலோ, வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 1.5 மீட்டர், பின்சக்கரங்களின் வெளிப்புற அகலம் 1.25 மீட்டர் என்றும், மைத்துனருக்கு வெல்டிங் தெரியும் என்றும் எழுதியிருக்கிறார். சக்கரம் வைத்த மேடை ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா என்பது அவர் கேள்வி.

நிச்சயமாகச் செய்யலாம். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகள் ஃபேப்ரிகேஷன் வேலை செய்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் வரைபடம் போடுவதற்கு முன் ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: மேடை நகரும்போது மட்டும்தான் சக்கரங்களில் நிற்க வேண்டும், நீங்கள் ஸ்பேனரைக் கையில் எடுத்த நிமிடத்திலிருந்து அது திருகுகால்களில், அதாவது திருகி ஏற்றி இறக்கும் கால்களில், நிற்க வேண்டும். கீழே நான் சொல்லும் அளவுகளில் பாதி இந்த விதியிலிருந்து வந்தவைதான்.

இந்த விதியை நான் கற்றுக்கொண்டது என் கையில் பட்ட அடியால். பல ஆண்டுகளுக்கு முன், நண்பர் ஒருவரின் இதே போன்ற வண்டிக்கு நான்கு காஸ்டர் சக்கரங்கள் (எந்தப் பக்கமும் திரும்பும் சிறு சக்கரங்கள்) வைத்து மேடை செய்தேன். நான்கிலும் மிதித்தால் பூட்டிக்கொள்ளும் பிரேக் இருந்தது. துருப்பிடித்த ஆக்சில் நட்டைத் திறக்க, ஸ்பேனரில் இரண்டடிக் குழாயை மாட்டி அழுத்தினேன். சக்கரங்கள் உருளவில்லை, ஆனால் மேடை முழுவதும் வண்டியோடு பக்கவாட்டில் அரைவட்டமாக நழுவியது. ஸ்பேனர் விலகி, விரல் முட்டிகள் பிரேக் டிரம்மில் மோதின. காஸ்டரின் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, அதன் சுழல் அச்சுக்கு நேர்க்கீழே இருப்பதில்லை. 125 மி.மீ. சக்கரத்தில் ஏறத்தாழ 35 முதல் 40 மி.மீ. வரை விலகியிருக்கும். அந்த விலகல் இருப்பதால்தான் தள்ளும் திசைக்கு ஏற்பச் சக்கரம் தானே திரும்புகிறது. சக்கரத்தை மட்டும் பூட்டும் பிரேக்கைப் போட்டால், சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, மேலேயுள்ள மேடை அந்தப் புள்ளியைச் சுற்றி ஊசலாடும். சுழல் அச்சையும் சேர்த்துப் பூட்டும் வகை காஸ்டர்கள் கடையில் கிடைக்கின்றன; அவற்றையே வாங்குங்கள். அவையும் மேடையை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கத்தான் உதவும். பலம் கொடுத்து நட்டுத் திறக்கும் வேலைக்குத் திருகுகால்கள் வேண்டும்.

இனி மேடையின் வடிவத்துக்கு வருகிறேன். மூன்று சக்கர வண்டி என்றதும் எல்லோரும் அகலமான செவ்வகப் பலகை ஒன்றை வரைந்துவிடுகிறார்கள். 1.4 மீட்டர் அகலச் செவ்வகத்தில் வண்டியை ஏற்றினால், நடுவில் இருக்கும் இன்ஜினுக்கும் உங்களுக்கும் இடையில் அரை மீட்டருக்கு மேல் வெற்றுப் பலகை இருக்கும். நின்று வேலை செய்பவர் அதன் மேல் ஏறிக்கொள்வார். நாற்காலியில் இருக்கும் உங்கள் கை கார்புரேட்டரை எட்டாது. ஆகவே மேடை ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் இருக்கட்டும். பின்சக்கரங்கள் நிற்கும் பகுதி 1.4 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் நீளம். அதிலிருந்து முன்னோக்கி நீளும் தண்டுப் பகுதி 0.4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் நீளம். மொத்த நீளம் 2.4 மீட்டர். தண்டின் முன்நுனியில் 0.8 மீட்டர் அகலமுள்ள ஒரு குறுக்குச் சட்டத்தை வைத்து, முன்பக்கச் சக்கரங்களையும் கால்களையும் அதன் இரு முனைகளில் பொருத்த வேண்டும். அப்படிச் செய்தால் குறுகலான தண்டும் பக்கவாட்டில் சாயாது. தண்டின் இருபுறமும் உங்கள் நாற்காலி வந்து நிற்க ஒரு மீட்டருக்கு மேல் திறந்த இடம் கிடைக்கும்.

மேடையின் மேற்பரப்பு தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் இருந்தால் போதும். அதன் மேல் ஆக்சில் ஏறத்தாழ 600 மி.மீ. உயரத்திலும், இன்ஜினின் பெரும்பகுதி 650 முதல் 850 மி.மீ. உயரத்திலும் வரும், உட்கார்ந்திருப்பவரின் முழங்கை மட்டம் அதுவே. இன்னொரு வசதியும் இந்த உயரத்தில் உண்டு. தண்டின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 230 மி.மீ. இடைவெளி இருப்பதால், நாற்காலியின் கால்பலகை மேடைக்கு அடியில் நுழைந்துவிடும். உங்கள் முழங்கால் தண்டின் விளிம்பைத் தொடும் அளவுக்கு நெருங்கி உட்காரலாம். அதற்காகவே, தண்டின் பக்கங்களில் தாழ்வான குறுக்குச் சட்டமோ மூலைத் தாங்கியோ வைக்கக் கூடாது என்று மைத்துனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெல்டர்கள் காலியான மூலையைக் கண்டால் ஒரு தாங்கியை வைக்காமல் விடுவதில்லை. பின்பகுதியும் தண்டும் சேரும் உள்மூலைகளில் மட்டும், மேல்மட்டத்திலேயே, சாய்வுத் தாங்கி ஒன்று இருபுறமும் தேவை.

சட்டத்துக்கு 50க்கு 50 அளவில் 3 மி.மீ. தடிமனுள்ள சதுரக் குழாய் வாங்குங்கள். ஐ.எஸ். 4923 தரக்குறி உள்ளதா என்று குழாயின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். எஸ்.ஜே.பி. ரோடு பக்கத்துக் கடைகளில் 6 மீட்டர் நீளங்களாகக் கிடைக்கும். மூன்று நீளம் தேவைப்படும், மிச்சம் அதிகம் இராது. இந்தக் குழாய் மீட்டருக்கு 4.3 கிலோ அளவில் இருக்கும். முதுகெலும்பு போல முன்னிருந்து பின்வரை இரண்டு குழாய்கள் வெட்டுப்படாமல் முழு 2.4 மீட்டர் நீளத்துக்கு ஓட வேண்டும். பின்பகுதியில் இருபக்க விளிம்புகளுக்கும், டயர் நிற்கும் கோட்டுக்கு நேர்க்கீழேயும் தலா ஒரு குழாய் வரும். இந்த அமைப்பு போதுமா என்ற ஐயம் வரும் என்பதால் கணக்கையும் சொல்கிறேன். வண்டி ஏறிய நிலையில் மேடை நான்கு காஸ்டர்களில் மட்டும் நிற்கும்போதுதான் முதுகெலும்புக் குழாய்களில் வளைவு மிகுதியாக இருக்கும். அப்போதும் அவற்றில் எழும் தகைவு (உலோகத்துக்குள் எழும் அழுத்தம்) சுமார் 60 மெகாபாஸ்கல்தான். சாதாரணத் தரக் குழாயே நிரந்தரமாக வளையத் தொடங்குவதற்கு 210 மெகாபாஸ்கல் வேண்டும். 2 மி.மீ. குழாயும் சுமையைத் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள், தாங்கவும் கூடும். ஆனால் வீட்டு வெல்டிங் மெஷினில் மெல்லிய குழாயில் ஓட்டை விழுவது எளிது. ஓட்டையை அடைக்க மேலும் மேலும் ராடு உருக்கிய இணைப்பைவிடப் பலவீனமான இணைப்பு வேறில்லை.

மேல்பலகைக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட்டை நான் விரும்புகிறேன். வழுக்காமல் இருக்க மேடுகள் பதித்த இரும்புத் தகடான செக்கர்ட் பிளேட் உறுதியானதுதான் என்றாலும் 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 24 கிலோவுக்கு மேல் வரும். பிளைவுட் அதில் பாதி. எட்டுக்கு நான்கடிப் பலகை ஒன்றிலேயே முழு மேடையும் முடிந்துவிடும். தண்டுப் பகுதியை மட்டும் இரண்டு துண்டுகளாக வெட்டி, இணையும் இடம் ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் வருமாறு வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்பகுதியின் நடுவில், இரு முதுகெலும்புக் குழாய்களுக்கு இடையே உள்ள பலகையை ஆணியோ போல்ட்டோ போட்டு மூடிவிடாதீர்கள். வண்டி ஏறும்போது முன்சக்கரம் அந்த வழியாகத்தான் உருண்டு போக வேண்டும். ஏறி நின்ற பிறகு டிஃபரன்ஷியலின் வடிகால் பிளக் அதே இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும். ஆகவே அந்தப் பலகை தூக்கி எடுக்கும் வகையில் இருக்க வேண்டும். குழாய்களின் உட்பக்கத்தில் 25 மி.மீ. ஆங்கிள் துண்டுகளை வெல்டு செய்து அதன் மேல் பலகையை உட்கார வைத்தால் போதும். முன்சக்கரம் கடந்ததும் பலகையை எடுத்துவிட்டால், கீழே தட்டு வைத்து ஆயிலை வடிக்கலாம், செயினின் கீழ்ப்பகுதியைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். நான் செய்த முதல் மேடையில் இதை யோசிக்காமல் விட்டதால், பிறகு ஜிக்சாவால் அறுக்க நேர்ந்தது.

காஸ்டர்களின் தாங்குதிறனைக் கணக்கிடும் முறையில் பலர் தவறு செய்கிறார்கள். வண்டி 290 கிலோ, மேடை சுமார் 105 கிலோ, அதன் மேல் சாய்பவரின் எடையில் ஒரு பகுதியாக 60 கிலோ என்று வைத்தால் 455 கிலோ. இதை நான்கால் வகுக்கக் கூடாது. தரை எங்குமே ஒரே மட்டமாக இருக்காது. உருளும்போது எப்போதும் ஒரு சக்கரம் சுமை இல்லாமல் இருக்கும். மூன்றால் வகுத்தால் 152 கிலோ வருகிறது. ஆகவே ஒவ்வொன்றும் 200 கிலோ தாங்கும் காஸ்டர் வேண்டும். நான்கும் சுழலும் வகையாக இருந்தால் மேடையைப் பக்கவாட்டில் நேராகத் தள்ளிச் சுவரோரம் ஒட்ட வைக்கலாம்; வீட்டுக்காரரின் காருக்கு வழிவிட இதுதான் எளிது. 125 மி.மீ. விட்டத்துக்குக் குறைவான சக்கரம் பார்க்கிங் டைல்களின் இடுக்குகளில் மாட்டிக்கொள்ளும். நடுவில் இரும்பும் அதைச் சுற்றிப் பாலியூரித்தேனும் வார்த்த சக்கரத்தைத் தேர்ந்தெடுங்கள். ரப்பர் சக்கரம் சத்தமில்லாமல் ஓடினாலும் பெட்ரோலும் ஆயிலும் பட்டால் உப்பிப்போகும். மாதக்கணக்கில் சுமையோடு ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். சிவாஜிநகர் குஜரியில் (பழைய சாமான் சந்தையில்) தொழிற்சாலைத் தள்ளுவண்டிகளிலிருந்து கழற்றிய நல்ல காஸ்டர்கள் மலிவாகக் கிடைப்பதுண்டு. அங்கே வாங்கினால் சுழல் அச்சைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். குண்டுகள் தேய்ந்து கடகடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள்.

திருகுகால்கள் ஆறு வேண்டும்: பின்பகுதியின் நான்கு மூலைகளிலும் நான்கு, முன் குறுக்குச் சட்டத்தின் முனைகளில் இரண்டு. சட்டத்துக்குக் கீழே 180 மி.மீ. நீளமுள்ள குழாய்த் துண்டை நேர் செங்குத்தாக வெல்டு செய்து, அதன் அடிமுனையில் எம்20 நட்டு ஒன்றைத் தகட்டோடு பற்றவையுங்கள். மேலே சட்டத்திலும் பலகையிலும் துளையிட்டு, அதன் வழியாக எம்20 மரைக்கம்பியை உள்ளே விட்டால், அது குழாயின் உள்ளே இறங்கி, அடியிலுள்ள நட்டில் திருகி வெளிவரும். கம்பியின் மேல்முனையில் இன்னொரு நட்டை வெல்டு செய்துவிட்டால், 30 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரை நீளமான 'டி' கைப்பிடியோடு சேர்த்து, குனியாமல், நாற்காலியிலிருந்தே சுழற்றலாம். எம்20 மரையின் இடைவெளி 2.5 மி.மீ.; நான்கு சுற்றுக்கு 10 மி.மீ. உயரும். காஸ்டர்கள் கையால் தட்டினால் சுழலும் அளவுக்குத் தரையிலிருந்து விடுபட்டால் போதும். கம்பியின் அடிமுனையை அரைத்து உருண்டையாக்கி, 75 மி.மீ. சதுரத் தகட்டில் வெல்டு செய்த சிறு கிண்ணத்தில் உட்கார வைத்து, தகட்டின் அடியில் ரப்பர் ஒட்டுங்கள். டைல் தரையாக இருந்தால் அதற்குக் கீழே 150 மி.மீ. சதுர மரப்பலகைத் துண்டு ஒன்றையும் வையுங்கள். இல்லையென்றால் டைல் விரிசல் விடும்.

இந்தக் கால்கள் இன்னொரு குறையையும் தீர்க்கின்றன. மழைநீர் தெருவுக்கு ஓடுவதற்காக நம் ஊர் போர்டிகோக்களைச் சரிவாகத்தான் கட்டுகிறார்கள். ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவில் 2.4 மீட்டர் நீளத்துக்கு 48 மி.மீ. வித்தியாசம் வரும். ரசமட்டத்தை மேடை மேல் வைத்துக் கால்களைத் திருகிச் சமப்படுத்தினால்தான் இன்ஜின் ஆயிலின் அளவைச் சரியாகப் பார்க்க முடியும்.

சாய்தளம் மூன்று தடங்களாக வேண்டும்: நடுவில் முன்சக்கரத்துக்கு ஒன்று, பக்கங்களில் பின்சக்கரங்களுக்கு இரண்டு. 300 மி.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம், அதாவது ஆறுக்கு ஒன்று என்ற சரிவு. இதைக் குறைத்து ஒரு மீட்டருக்குள் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆறுக்கு ஒன்றில் வண்டியை இழுக்க ஏறத்தாழ 48 கிலோ விசை வேண்டும்; மூன்றுக்கு ஒன்றில் 92 கிலோ. விசையைவிட அடிவயிறு உரசுவதுதான் பெரிய தொல்லை. முன்சக்கரம் மேலே ஏறி, பின்சக்கரம் இன்னும் சரிவில் இருக்கும்போது, சாய்தளத்தின் உச்சி முனை வண்டியின் நடுப்பகுதியை நோக்கி உயரும். 1.5 மீட்டர் வீல்பேஸில், ஆறுக்கு ஒன்று சரிவில் அது சுமார் 62 மி.மீ.; மூன்றுக்கு ஒன்றில் 120 மி.மீ. தாண்டும். சைலன்சரும் ஸ்டாண்டும் அதில் இடிக்கும். நீங்கள் வண்டியில் உட்காராத நிலையில், தரையிலிருந்து மிகத் தாழ்ந்த பாகத்தின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டே சரிவை முடிவு செய்யுங்கள். சாய்தளத்தின் மேல்முனையில் கொக்கி வைத்து, மேடைச் சட்டத்தின் துளையில் இரும்பு ஊசி (பின்) போட்டுப் பூட்ட வேண்டும். ஆட்கள் வண்டியைத் தள்ளும்போது அதன் சக்கரம் சாய்தளத்தையும் மேடையையும் முன்னால் தள்ளும். திருகுகால் இறங்காமல், பின் போடாமல் இருந்தால் மேடை விலகி, வண்டி இடையில் விழும்.

பின்கால்கள் மேடையின் பின்விளிம்புக்கு நேர்க்கீழே வர வேண்டும். ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தால்கூட, பின்சக்கரங்கள் விளிம்பில் ஏறும் கணத்தில் பாரமெல்லாம் அங்கே விழுந்து, சீசாப் பலகை போல மேடையின் அந்த ஓரம் அமிழப் பார்க்கும்.

உங்கள் நிலையில் ஆள் வைத்துத் தள்ளுவதைவிடக் கையால் சுழற்றி வண்டியை இழுக்கும் கைவிஞ்ச் ஒன்றை மேடையின் முன்நுனியில் பொருத்துவதே நல்லது. 400 மி.மீ. உயரக் கம்பத்தைச் சாய்வுத் தாங்கியோடு வெல்டு செய்து, 500 கிலோ அல்லது அதற்கு மேல் திறனுள்ள, கைப்பிடியை விட்டாலும் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள விஞ்ச்சை வாங்குங்கள். வெறும் பல்சக்கரக் கொக்கி மட்டும் உள்ள வகையில், இறக்கும்போது கைப்பிடி கையிலிருந்து நழுவினால் விசிறி போலச் சுழன்று எலும்பை முறித்துவிடும். பட்டை பெல்ட்டை முன்ஃபோர்க்கின் கீழ்த் தாங்கியில் சுற்றி இழுங்கள். ஹேண்டில்பாரில் ஒருபோதும் மாட்டாதீர்கள். மைத்துனர் ஹேண்டிலைப் பிடித்து நேராக வைத்திருக்க, நீங்கள் விஞ்ச்சைச் சுழற்றினால் வண்டி தானே ஏறிவிடும். இன்ஜினை ஓட்டி ஏற்றுவது வேண்டாம்.

மூன்று சக்கர வண்டி தானாகவே நிற்கும் என்பதால் அதைப் பக்கவாட்டில் தாங்கத் தேவையில்லை; முன்னும் பின்னும் உருளாமல் மரக் கட்டைகள் வைத்தால் போதும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் நீங்கள் பிரிக்கப் போவதே அந்த பிரேக்காக இருக்கலாம். பின்சக்கரத்தைக் கழற்ற ஆக்சில் குழாயின் அடியில் பாட்டில் ஜாக் வைக்கும்போது, பாரம் முழுவதும் உள்ளங்கை அளவு இடத்தில் இறங்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே முழு அகலத்துக்கும் ஒரு குறுக்குக் குழாயை முன்பே வைத்து, பலகையின் மேல் 6 மி.மீ. தகடு பதித்துவிடுங்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியதும் இருபுறமும் ஆக்சில் ஸ்டாண்டு வைத்து, பாரத்தை அதில் இறக்கிய பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

வெல்டிங்கைப் பற்றி மைத்துனருக்கு அதிகம் சொல்லத் தேவையிராது. 2.5 மி.மீ. 6013 ராடு, 70 முதல் 80 ஆம்பியர். முதலில் எல்லா இணைப்புகளையும் டேக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் அடித்து, மூலைமட்டம் வைத்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சமமாக்கிய பின்னரே முழு வெல்டிங்; அதையும் எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி. ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டே போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ரெட் ஆக்சைடும் எனாமலும் பூசுங்கள், பலகையின் வெட்டுவிளிம்புகளுக்கு வார்னிஷ் பூச மறக்காதீர்கள். பிரேக் ஆயில் எனாமலை உரித்துவிடும் என்பதால் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். பின்னாளில் மேடையில் எதையாவது சேர்த்து வெல்டு செய்ய நேர்ந்தால் வண்டியைக் கீழே இறக்கி, தொலைவில் நிறுத்திய பிறகு செய்யுங்கள். பெட்ரோல் டேங்கின் அருகில் ஒரு பொறியும் பறக்கக் கூடாது.

வண்டியை ஏற்றும் முன் மேடையைச் சோதியுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் ஏழை, பின்பகுதியில் டயர் நிற்கும் இடங்களில் இரண்டிரண்டாக நான்கும், முன்சக்கரம் நிற்கும் இடத்தில் மூன்றுமாக அடுக்கினால் 350 கிலோ வரும். முதலில் காஸ்டர்களில் நிற்கவிட்டு, போர்டிகோவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தள்ளிப் பாருங்கள். பிறகு திருகுகால்களை இறக்கி ஒரு இரவு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் டார்ச் அடித்து, ஒவ்வொரு வெல்டிங்கின் ஓரத்திலும் பெயிண்ட்டில் முடி போன்ற கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகெலும்புக் குழாயின் அடியில் நூலை இழுத்துக் கட்டி, குழாய் நேராக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கீறலும் இல்லை, நூலும் ஒட்டி நிற்கிறது என்றால், சாய்தளத்தைப் பூட்டி, பின்னைப் போட்டு, வண்டியை ஏற்றலாம்.